நூறு துப்பாக்கிகளும் ஒரு பெயரும்

தியாகதுருகம் மலைக்குப் போயிருக்கிறீர்களா? கள்ளக்குறிச்சியில் உளுந்தூர்பேட்டை பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. பெரிய பாறைதான். மேலே ஏறினால் இடிந்த மதில், சுனை, ஆடு மேய்க்கிற பிள்ளைகள். வானம் தெளிவாக இருக்கிற நாளில் மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். அந்த மலையடிவாரத்தில் போன வருசம் ஒரு கூட்டம் போட்டார்கள். 'நம்ம ஊர்க் கோட்டையின் வீர வரலாறு' என்று தட்டி வைத்திருந்தது. எங்கள் சேரியில் நான் நடத்துகிற மாலை வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வரலாறு என்றால் அதில் நமக்கும் கொஞ்சம் பங்கிருக்கும் என்கிற நப்பாசை.

பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நல்ல மனுசன், குரலும் நல்ல குரல். கேப்டன் பிளின்ட் என்கிற வெள்ளைக்காரக் காலாட்படை அதிகாரி இரண்டு போர்களில் இரண்டு கோட்டைகளை எப்படிக் காப்பாற்றினான் என்று சொன்னார். முதல் போரில் வந்தவாசியில் ஐதர் அலியிடமிருந்து, அடுத்த போரில் இங்கே திப்பு சுல்தானிடமிருந்து. கூட்டம் கைதட்டியது. "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார். எங்கள் வகுப்பில் ஏழாவது படிக்கிற பையன் எழுந்தான். "சார், பிளின்ட்டு கூட நூறு சிப்பாய் போனாங்கன்னு சொன்னீங்களே, அவுங்க பேரெல்லாம் என்னா சார்?"

ஆசிரியர் சிரித்தார். "அதெல்லாம் யாருப்பா எழுதி வெச்சாங்க? சிப்பாய்ங்கதானே." கூட்டமும் சிரித்தது. பையன் உட்கார்ந்துவிட்டான். பஸ்ஸில் வரும்போது ஒன்றும் பேசவில்லை. கெட்ட கேள்வி கேட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அது கெட்ட கேள்வி இல்லையடா என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த அதிகாரியின் வீரத்தைச் சொல்லிவிடுகிறேன். எதிராளியின் நியாயத்தை மறைத்துவிட்டுச் சண்டை போடுவது நமக்கு அழகில்லை.

1780 சூலையில் ஐதர் அலி செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். கும்பினிப் படை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது. கோட்டைகளில் பல நவாப் முகமது அலியின் கில்லேதார்கள் கையில் இருந்தன. அவர்களில் பலர் ஐதர் வந்து கேட்டால் கதவைத் திறந்துவிடத் தயாராக இருந்தவர்கள். வந்தவாசிக் கில்லேதாரும் பேசி முடித்திருந்தார். அந்த ஆகஸ்டில், கருங்குழிப் பக்கமிருந்து லெப்டினன்ட் பிளின்ட் நூறு சிப்பாய்களோடு புறப்பட்டு ஆள் நடமாட்டமில்லாத வழியாக நடந்து வந்தவாசி வந்து சேர்ந்தான். கூட இன்னொரு வெள்ளைக்காரன், என்சைன் மூர். கிட்டே வந்தால் சுடுவோம் என்றது கோட்டை. நவாபின் கடிதம் கொண்டுவந்திருக்கிறேன், கில்லேதார் கையில்தான் கொடுப்பேன் என்று பேசிப் பேசி நாலு சிப்பாய்களோடு மட்டும் உள்ளே போக அனுமதி வாங்கினான். ஆயுதக்காரர்கள் சூழ விரிப்பில் உட்கார்ந்திருந்த கில்லேதாரிடம், கடிதம் கிடிதம் எதுவுமில்லை, கும்பினி உத்தரவுதான் இருக்கிறது என்றான். போடா வெளியே என்றார் அவர். பிளின்ட் பாய்ந்து அவரைப் பிடித்துக்கொண்டான். யாராவது அசைந்தால் இவர் உயிர் போய்விடும் என்றான். நாலு சிப்பாய்களும் பயனெட்டைக் கில்லேதார் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்கள். அந்தக் கலவரத்தில் வெளியே நின்ற மற்றவர்களும் உள்ளே புகுந்தார்கள். கோட்டை கைமாறியது.

அதற்குப் பிறகு இரண்டரை வருசம். புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது, ஆற்காடு விழுந்தது, சீமையே ஐதர் கையில் போனது. வந்தவாசி மட்டும் விழவில்லை. ஐதர் முற்றுகை போட்டார். 1781 சனவரியில் தளபதி கூட் வந்தபோதுதான் முற்றுகை விலகியது. அதே வருசம் திப்பு வந்து முயன்று பார்த்தும் நடக்கவில்லை. பீரங்கிக்காரன் ஒருவன்கூட இல்லாத இடத்தில் பீரங்கி ஆட்களை உருவாக்கினான், கோட்டைக்குள்ளேயே வெடிமருந்து தயாரித்தான், சின்னதாக ஒரு குதிரைப்படை சேர்த்தான், தன் ஆட்களுக்குத் தானியம் தேடிக்கொண்டதோடு பெரிய படைக்கும் அனுப்பிவைத்தான் என்று மார்க் வில்க்ஸ் எழுதியிருக்கிறார். வில்க்ஸும் மதராஸ் படை அதிகாரிதான். 1810 இலிருந்து 1817 வரை மூன்று பாகமாக வந்த அவருடைய தென்னிந்திய வரலாற்றில் பிளின்ட்டுக்குத் தனி மரியாதை. கடைசியில் 1783 பிப்ரவரியில் கும்பினித் தளபதி ஸ்டூவர்ட் வந்து அந்தக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தான். எதிரியால் முடியாததை எசமானே செய்துவிட்டான். அது வேறு கதை.

பிறகு 1790. மூன்றாவது மைசூர்ப் போர். திப்பு திருச்சிராப்பள்ளிப் பக்கமிருந்து வடக்கே திரும்பித் தியாகதுருகத்துக்கு வந்தார். கோட்டைப் பொறுப்பில் இருந்தவன் அதே பிளின்ட், இப்போது கேப்டன். சுற்றுவட்டார ஊர்சனம் ஆடு மாடு, தட்டுமுட்டுச் சாமான்களோடு அடிவாரப் பேட்டைக்குள் வந்து அடைந்திருந்தது. திப்புவின் படை பேட்டையை இரண்டு தரம் தாக்கியது. இரண்டு தரமும் அடிபட்டுத் திரும்பியது. திப்பு விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார். அங்கே ஊர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

இவ்வளவுதான் கதை. பிளின்ட் கோழை என்று நான் சொல்லவில்லை. நாலு பேரோடு எதிரிக் கூட்டத்துக்குள் நுழைந்தவனைக் கோழை என்றால் நாக்கு அழுகிப்போகும். என் கேள்வி வேறு. அந்த நாலு பேர் யார்?

யோசித்துப் பாருங்கள். கில்லேதாரைப் பிடித்தது பிளின்ட்டின் கை. அவனைச் சுற்றியிருந்த கத்திக்காரர்களைத் தடுத்து நிறுத்தியது நாலு பயனெட்டு. ஒருவன் கை நடுங்கியிருந்தால், ஒருவன் பின்னால் பார்த்திருந்தால் பிளின்ட்டும் இல்லை, வந்தவாசியும் இல்லை, வில்க்ஸ் எழுத ஒரு பக்கமும் இல்லை. பிளின்ட்டுக்காவது செத்தால் பெயர் இருக்கும், பிழைத்தால் பதவி இருக்கும். அந்த நாலு பேருக்கு என்ன இருந்தது? பிளின்ட் பெயர் இருக்கிறது. கூட வந்த மூருக்கும் பெயர் இருக்கிறது. நாலு பேர் 'நாலு சிப்பாய்' ஆகிவிட்டார்கள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் படையை எண்ணும்போது ஆளைக்கூட எண்ணமாட்டார்கள், நூறு துப்பாக்கி என்றுதான் எழுதுவார்கள். துப்பாக்கி நடந்து வந்தது, துப்பாக்கி சாப்பிட்டது, துப்பாக்கி செத்தது.

'வெடிமருந்து தயாரித்தான்' என்கிறார்களே, பிளின்ட்டா வெடியுப்பு சுரண்டினான்? கரி சுட்டது யார்? உரலில் போட்டு இடித்தது யார்? அந்த வேலையில் கை தவறினால் ஆள் மிச்சமிருக்காது. குதிரைக்குத் தோல் வேலை செய்தது எந்தத் தெரு? மதிலுக்குக் கீழே விழுந்த பிணங்களை எடுத்துப் போட்டது யார்? இந்த நாட்டில் செத்த மாட்டையும் செத்த மனுசனையும் யார் தூக்குவார்கள் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் நம்ம தெருவைத்தான் கைகாட்டும். போர் என்றால் மட்டும் அந்த விதி மாறிவிடுமா?

எம்.ஏ. தமிழில் எங்களுக்குப் புறத்திணை நடத்தினார்கள். மதிலை வளைப்பது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி. நொச்சிப் பூச் சூடிக் கோட்டையைக் காப்பவர்களின் பெருமையைத் துறை துறையாகப் பிரித்துப் படித்தோம். துறை எத்தனை என்று கேட்டுப் பரீட்சை வைத்தார்கள். மதில் கட்டியவன் துறை, மதில்மேல் நின்று கல் உருட்டியவன் துறை என்று எதுவும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. இருந்தும் பழைய தமிழனைக் குறைசொல்ல மனசு வரவில்லை. காரணம், செங்கத்து நடுகற்கள். 1972 இல் தொல்லியல் துறை அவற்றைப் புத்தகமாகவே போட்டது. நம்ம பக்கம்தான், இங்கிருந்து வடக்கே ஒரு பஸ் பயணம். மாடு கவரப் போய்ச் செத்தவன், மாடு மீட்கப் போய்ச் செத்தவன், அவனவன் பெயர், யாருடைய ஆள், எந்த அரசன் காலம் எல்லாம் கல்லில் இருக்கிறது. எடத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. அந்த நாய்க்குப் பெயர் உண்டு, கோவிவன். கள்ளனைக் கடித்துக் காவல் நின்றதாம்.

ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய மண் இது. பதினெட்டாம் நூற்றாண்டில் நூறு மனுசன் பெயரைக் காகிதத்தில் எழுத ஆளில்லை. யார் நாகரிகம் கொண்டுவந்தது என்று வெள்ளைக்காரன் புகழ் பாடுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் சிப்பாய்கள் நம்ம ஆள்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நூறு பேரும் நம்ம ஆள் என்று நான் சொல்லமாட்டேன். கும்பினியின் மதராஸ் காலாட்படையில் முஸ்லிம்கள் இருந்தார்கள், தெலுங்கர்கள் இருந்தார்கள், தமிழ்ச் சாதிகள் பல இருந்தன, பறையர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் மதராஸ் சாப்பர்ஸ், பயனியர் படைகளில் பறையர்கள் நிறையவே இருந்தார்கள். அது ஊரறிந்த செய்தி. சேர்ந்ததற்குக் காரணம் வீரப் பரம்பரையா? அட, போங்கய்யா. படியாள் பொழப்பு. மிராசுதாரன் களத்தில் அளந்து போடுகிற நெல்லுக்கு அப்பனும் பிள்ளையும் அடிமையாகக் கிடக்க வேண்டும். பட்டாளத்தில் கையில் காசு விழும். இடுப்புக்கு மேல் துணி போடலாம், காலில் செருப்பு போடலாம், எவனும் கேட்கமாட்டான். சாவு அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அங்கே செத்தால் நின்றுகொண்டு சாகலாம். பட்டாளத்துக்கு ஓடினவன் மனசில் ஓடியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த முடிவை எடுக்கிற தைரியம் இருக்கிறதே, அது பயனெட்டு நீட்டுகிற தைரியத்துக்குக் குறைந்ததில்லை.

இடதுசாரித் தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கூலிப்படைப்பா அது. ஏகாதிபத்தியத்துக்காகச் சண்டை போட்டவனை எதுக்குத் தூக்கிப் பிடிக்கிறே?" என்றார். தோழர், கூலி என்ற சொல்லை எங்களிடம் வசவாகச் சொல்லாதீர்கள். நாங்கள் வாழ்வதே கூலியில்தான். ஐதரிடம் சண்டை போட்டவன் சம்பளம் வாங்கவில்லையா? நவாப்பின் கில்லேதார் தேசபக்தியிலா கோட்டையை விற்கப் பேசினார்? 1780 இல் படை போன வழியெல்லாம் ஊர் எரிந்தது, 1782 இல் சென்னைப் பட்டணத்திலேயே பஞ்சத்தில் சனம் செத்தது. அந்தச் சண்டையில் தேசம் என்று ஒன்று எந்தப் பக்கம் நின்றதென்று காட்டுங்கள், நானும் அந்தப் பக்கம் போய் நிற்கிறேன். இன்னொன்று. அந்தச் சிப்பாய்கள் எப்போதும் குனிந்தே நிற்கவில்லை. அதே 1780 அக்டோபரில் விசாகப்பட்டணத்தில், ஐதரோடு சண்டை போடக் கப்பலேறு என்றதும் மதராஸ் சிப்பாய்கள் துப்பாக்கியை அதிகாரிகள் பக்கம் திருப்பினார்கள். 1806 சூலையில் வேலூரில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. அப்போது மட்டும் வெள்ளைக்காரன் சிப்பாய் பெயரை ஒழுங்காக எழுதினான். தண்டனைப் பட்டியல் ஆயிற்றே!

பெயர் இருந்தால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? கோரேகானைப் பாருங்கள்.

1818 சனவரி 1. பீமா நதிக்கரையில் கோரேகான் ஊரில் கேப்டன் ஸ்டான்டன் தலைமையில் பம்பாய்ப் படையின் ஒரு பட்டாலியன், பேஷ்வாவின் பெரும்படையை நாள் முழுவதும் எதிர்த்து நின்றது. அங்கேயும் கதை ஸ்டான்டன் கதையாகத்தான் ஆகியிருக்கும். ஆனால் அங்கே கும்பினிக்காரன் ஒரு தூண் நட்டான். ஏதோ புத்தியில், செத்த சிப்பாய்களின் பெயர்களையும் அதில் வெட்டினான். அந்தப் பெயர்களில் இருபத்திரண்டு 'நாக்' என்று முடிகிறது. நாக் என்றால் மகர். அந்த ஒரு விகுதி போதுமானதாக இருந்தது. நூற்றொன்பது வருசம் கழித்து, 1927 சனவரி 1 இல், பாபாசாகேப் அம்பேத்கர் அந்தத் தூணுக்கு முன்னால் போய் நின்றார். இன்றைக்கு வருசா வருசம் லட்சக்கணக்கில் சனம் போகிறது. 2018 இல் இருநூறாவது ஆண்டுக்குப் போனவர்கள் மேல் கல்லெறிந்தார்கள். கல்லில் வெட்டிய பெயரைப் பார்த்து இருநூறு வருசம் கழித்தும் அவர்களுக்குப் பயம். ஸ்டான்டன் பெயரைப் பார்த்து யாரும் கல்லெறியவில்லை.

(அந்தச் சண்டையில் இரண்டு பீரங்கிகளை வைத்துக்கொண்டு நின்றது மதராஸ் பீரங்கிப் படைப் பிரிவு. நம்ம பக்கத்து வரலாற்றுக்காரர்கள் இதையும் பேசுவதில்லை.)

தூண் இல்லாத தியாகதுருகத்தில் நமக்கு என்ன கிடைத்தது? 'சிப்பாய்ங்கதானே.'

அதிகாரி என்பது ஒரு பதவி மட்டுமில்லை, அது ஒரு சாதி. கும்பினிப் பட்டாளத்தில் ஒரு சிப்பாய் எத்தனை போரில் ரத்தம் சிந்தினாலும் சுபேதாருக்கு மேல் போக முடியாது. முப்பது வருசம் சர்வீஸ் போட்ட நரைத்த மீசைச் சுபேதார், நேற்றுக் கப்பலை விட்டு இறங்கிய பதினாறு வயசு என்சைனுக்கு சலாம் வைக்க வேண்டும். அதற்கு மேலே ஏறப் பார்த்தவன் யூசுப் கான். அவனை 1764 இல் மதுரையில் தூக்கில் போட்டார்கள். பிறப்பால் மேல், பிறப்பால் கீழ் என்கிற ஏற்பாட்டை வெள்ளைக்காரன் இங்கே வந்துதான் கற்றுக்கொண்டானா, கொண்டுவந்தானா என்று தெரியவில்லை. இரண்டும் பொருந்திப்போனது மட்டும் நிச்சயம்.

பொருந்திப்போனதற்குச் சாட்சி அடுத்த நூற்றாண்டு. 1881 இலிருந்து 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியாவுக்கே தளபதியானான். மதராஸ்காரனுக்குப் போர்க்குணம் போய்விட்டது, சண்டைக்கு வடக்கத்தி ஆள்தான் சரி என்று தீர்ப்புச் சொன்னான். வீரம் சில சாதி ரத்தத்தில்தான் ஓடும் என்பது கொள்கையாகவே ஆனது. தமிழ்க் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. மகர்களைச் சேர்ப்பதையும் 1892 இல் நிறுத்தினார்கள். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சுபேதாராக இருந்தவர். பட்டாளத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அந்தப் பட்டாளம் கதவை மூடாமல் இருந்திருந்தால் எத்தனை ராம்ஜிகள், எத்தனை படித்த பிள்ளைகள்! 1917 இல் உலகப்போர் நெருக்கடியில் மகர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், போர் முடிந்து 1921 இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1941 இல் மறுபடி கூப்பிட்டார்கள். சமார் ரெஜிமெண்டை 1943 இல் கூட்டி 1946 இல் கலைத்தார்கள். சாவதற்கு ஆள் வேண்டும்போது நம் ரத்தத்தில் வீரம் ஊறும். சாவு முடிந்ததும் வற்றிப்போகும். மனு எழுதியதும் இதைத்தான், ராபர்ட்ஸ் எழுதியதும் இதைத்தான். மொழி வேறு.

எங்கள் தெருவில் மிலிட்டரி தாத்தா என்று ஒருவர் இருந்தார். காலாட்படையில் சிப்பாய். 65 சண்டையிலும் இருந்தார், 71 சண்டையிலும் இருந்தார். அவருக்கும் இரண்டு போர்தான், பிளின்ட்டைப் போல. தகரப் பெட்டியில் மெடல்களைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஆயா அந்தப் பெட்டி மேல்தான் கருவாட்டுச் சட்டியை வைக்கும். லீவில் வரும்போது யூனிபாரத்தோடு ஊர்த்தெரு வழியாக நடந்து வந்திருக்கிறார். பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள் என்றானாம் ஒருத்தன். "நீங்க என்ன செஞ்சீங்க தாத்தா?" என்று கேட்டோம். "திரும்பிப் போயி ஏரிக்கரை மேல வந்தேன்டா. பூட்ஸைக் கழட்டல" என்றார். குண்டு விழுகிற இடத்தில் நின்றவருக்கு ஊர்த்தெரு முழுசாக நடக்க முடியவில்லை. ஆனால் பூட்ஸைக் கழற்றவுமில்லை. எனக்கு வந்தவாசிக் கதை தெரியாத காலத்திலேயே வீரம் என்றால் அந்த ஏரிக்கரைதான் ஞாபகம் வரும். அவர் செத்தபோது பேப்பரில் வரவில்லை. நாங்கள்தான் பறை அடித்தோம்.

இனி நம்ம ஆட்களுக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளக் கூடாது.

கொஞ்ச வருசமாக நம்ம தெருவிலும் பிளக்ஸ் போர்டு வருகிறது. வாள், சிங்கம், குதிரை, 'ஆண்ட பரம்பரை'. அவன் போட்டால் நாமும் போடுவோம் என்கிறார்கள் தம்பிகள். அவன் கோட்டை எங்களது என்கிறான், இவன் பாளையம் எங்களது என்கிறான், நாமும் ஒரு கோட்டை பிடிக்க வேண்டுமாம். தம்பி, கோட்டைக்குச் சொந்தக்காரன் ஆவது என்றால் என்ன என்று அந்தக் கல்வராயன் மலையில் போய்க் கேள். சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்று மூன்று சாகீர்கள். நாடு சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது வருசம் கழித்து, 1976 இல்தான் அவை ஒழிந்தன. அதுவரைக்கும் மலையாளி சனம் சாகீர்தாரனுக்குச் சும்மா உழைத்தது. அங்கேயும் வீரப் பரம்பரைக் கதைக்குப் பஞ்சமில்லை. அந்தக் கதையைத் தலையில் சுமந்து விறகு வெட்டினவன் பெயரைக் கேள், யாரும் சொல்லமாட்டார்கள். நாம் கேட்க வேண்டியது பிளின்ட்டின் நாற்காலி இல்லை. அந்த நூறு பேரின் பட்டியல். பிளின்ட்டின் இடத்தில் நம்ம ஆள் ஒருவனை உட்காரவைத்துவிட்டு மிச்சம் தொண்ணூற்றொன்பது பேரை மறுபடி துப்பாக்கியாக்குவதற்கா இவ்வளவு பாடு?

நம்ம பக்கத்துக் கூத்தில் அரவான் கதை நடக்கும். கூவாகம் இங்கேதானே இருக்கிறது. பாண்டவர் செயிக்க ஒரு களப்பலி வேண்டும். வில்லெடுத்த அண்ணன் தம்பிகள் எல்லாம் பத்திரமாக இருக்க, அரவான் தலை போகும். செயித்தது அர்ச்சுனன் என்று பாரதம் சொல்லும். ஆனாலும் சனம் அரவானை விடவில்லை. சித்திரை வந்தால் தேர் கட்டுகிறது, தாலி கட்டிக்கொள்கிறது, அறுத்து அழுகிறது. அழுவதற்கு ஒரு பெயர் வேண்டுமே, அது இருக்கிறது. தியாகதுருகத்துக் களப்பலிக்கு யார் பெயரைச் சொல்லி அழுவது?

2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துச் சாவு விழுந்தபோது, ஒவ்வொரு நாளும் டிவியில் எண்ணிக்கை ஓடியது. முப்பது, நாற்பது, ஐம்பது. அறுபத்தைந்துக்கும் மேல் போய் நின்றது. பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிற தலித் குடும்பங்கள். நான் அந்தத் தெருவில் நின்றேன். வந்த அதிகாரிகள் பெயரெல்லாம் பேப்பரில் வந்தது. மாற்றப்பட்டவர், புதிதாக வந்தவர், ஆறுதல் சொன்னவர். வரிசையாக வைத்திருந்த உடம்புகளுக்கு எண்ணிக்கைதான். ஒரு பெண்பிள்ளை டிவிக்காரனைப் பிடித்துக்கொண்டு தன் புருசன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் கேமராவை நிறுத்திவிட்டான் என்பது அதற்குத் தெரியவில்லை. வீரத்தில் செத்தாலும் விஷத்தில் செத்தாலும் நமக்கு எண்தானா என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த ஏழாவது படிக்கிற பையனுக்கு இதை நினைக்க மலை அடிவாரத்தில் ஒரு கூட்டம் போதுமானதாக இருந்தது.

சென்னை எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையின் ராணுவ நடவடிக்கைக் குறிப்புகள் அங்கே கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுக் கையெழுத்து, படிப்பது சிரமம். தளபதிகள் எழுதிய கடிதங்களைப் படிக்கப் பேராசிரியர்கள் போகிறார்கள். சம்பளப் பாக்கி, காயம்பட்டவன், செத்தவன் பெண்டாட்டி போட்ட மனு என்று தேடிப்போனவர்கள் குறைவு. சிப்பாய் பெயர் எங்கேயாவது இருந்தால் அங்கேதான் இருக்கும். எசமானின் புகழுரையில் இருக்காது, எசமானிடம் காசு கேட்ட காகிதத்தில் இருக்கும். எனக்கு அந்த இங்கிலீசு பாதிதான் ஏறும். வாசகர்களில் இங்கிலீசு எம்.ஏ. படித்த தம்பி தங்கைகள் இருப்பீர்கள். ஒரு வாரம் வாருங்கள். பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே நாங்கள் வேறொரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். மாலை வகுப்புப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத் தெருவாகப் போய், பட்டாளத்துக்குப் போனவர்கள் பெயரைக் கேட்டு எழுதுகிறார்கள். எந்த வருசம் போனார், எந்தச் சண்டையில் இருந்தார், திரும்பி வந்தாரா, வந்தபோது எந்த வழியாக ஊருக்குள் நடந்தார். கடைசிக் கேள்வியைச் சேர்த்தது அந்தப் பையன். நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் மிலிட்டரி தாத்தா பெயர். இரண்டாம் பக்கத்தில் 'வந்தவாசி 1780' என்று மேலே எழுதி, ஒன்றிலிருந்து நான்கு வரை எண் போட்டு, எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறான்.